எல்இடி டிரைவர் சிப்புக்கு எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப்? பேட்டரியிலிருந்து கணக்கு போடும் முழுமையான வழிகாட்டி

எல்இடிக்குப் போகும் கரண்ட்டை அளவாக வைப்பதுதான் டிரைவர் சிப்பின் வேலை. அந்த வகையில் ஒன்றான பி.டி.4115 (PT4115) சிப்பின் டேட்டாஷீட்டைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே 30 வோல்ட், 1.2 ஆம்பியர் என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு "24 வோல்ட் லாரிக்குத் தாராளமாகத் தாங்கும், ஒரு ஆம்ப் வைத்துவிடலாம்" என்று முடிவு செய்கிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செய்த விளக்கு கிருஷ்ணகிரி டோல்கேட்டில் பளிச்சென்று எரியும், ஓசூர் போய்ச் சேரும்போதும் எரியுமா என்பது ஆல்டர்னேட்டரின் மனசைப் பொறுத்தது. முதல் பக்கத்து எண்கள் சிப் எதுவரை போகும் என்று சொல்கின்றனவே தவிர, நீங்கள் எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்வதில்லை. அதை உங்கள் பேட்டரி, எல்இடி, அது உட்காரும் பெட்டியின் சூடு இந்த மூன்றும்தான் சொல்லும். அதனால் கணக்கைச் சிப்பிலிருந்து ஆரம்பிக்காமல் பேட்டரி முனையிலிருந்து ஆரம்பிப்போம்.

உதாரணத்துக்கு இரண்டு விளக்குகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் ராகி முற்றும் காலத்தில் ராத்திரிக் காவலுக்குப் பரணில் தொங்கவிடும் விளக்கு: 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்ப்-மணி) பேட்டரி, சின்ன சோலார் பேனல், 1 வாட் எல்இடி மூன்று. இன்னொன்று லாரியின் 24 வோல்ட் விளக்கு. (பரண் விளக்கு நீங்கள் யானையைப் பார்ப்பதற்கு, யானையை விரட்டுவதற்கு அல்ல. அதை நம்பிக் கீழே இறங்க வேண்டாம்.)

முதல் படி: பேட்டரியின் மோசமான நாள்

12 வோல்ட் பேட்டரி என்றைக்கும் 12 வோல்ட்டில் இருப்பதில்லை. முழு சார்ஜில் சும்மா இருக்கும்போது 12.7, சார்ஜ் ஏறும்போது 14.4, காலியாகும்போது 10.8. இதோடு முடிந்தால் பரவாயில்லை. 12 வோல்ட் பேனல் என்று கடையில் கொடுப்பது 36 செல் பேனல், லோடு இல்லாமல் வெயிலில் வைத்தால் 21, 22 வோல்ட் காட்டும். பேட்டரி முனையில் உப்புப் பூத்து கிளிப் கழன்றுகொண்டால், மலிவான சார்ஜ் கன்ட்ரோலர் பல அந்தப் பேனல் வோல்ட்டை அப்படியே லோடு பக்கம் தள்ளிவிடும். ஆகவே பரண் விளக்குக்கு எழுதிக்கொள்ள வேண்டிய எண்கள் 10.8 மற்றும் 22. 12 என்ற எண் பேட்டரி மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் மட்டும் இருக்கட்டும்.

24 வோல்ட் சோலார் என்றால் சார்ஜில் 28.8 வரும், 72 செல் பேனல் திறந்த நிலையில் 44 வோல்ட்டைத் தொடும். 30 வோல்ட் சிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

லாரி இதைவிடக் கரடு. இன்ஜின் ஓடும்போது 28 வோல்ட் சாதாரணம். ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பேட்டரி கேபிள் கழன்றால் லோட் டம்ப் என்ற ஒன்று நடக்கும்: ஆல்டர்னேட்டரின் மின்னோட்டத்துக்குப் போக இடமில்லாமல் வோல்ட் சட்டென்று ஏறும். தடுப்பு எதுவும் இல்லாத 24 வோல்ட் வண்டியில் அது 100 வோல்ட்டையும் தாண்டும், அதுவும் சில நூறு மில்லி செகண்ட் நீடிக்கும். சிப் சாக அவ்வளவு நேரம் தேவையே இல்லை.

ஏசியில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரி: 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிட்ஜ் போட்டு டிசி ஆக்கினால் உச்சம் 17 வோல்ட், லோடு குறைவாக இருந்து வீட்டு லைனும் 250 வோல்ட்டுக்கு ஏறிய ராத்திரியில் 20ஐத் தாண்டும்.

இரண்டாம் படி: தாங்கும் வோல்ட் வேறு, ஓடும் வோல்ட் வேறு

டேட்டாஷீட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும். பி.டி.4115க்கு ஓட்டுவதற்கான உச்சம் 30 வோல்ட், எந்த நொடியிலும் தாண்டக் கூடாத உச்சம் 45 வோல்ட். இந்த 45ஐ வேலை வோல்ட்டாக எடுத்துக்கொள்வது தற்கொலை. 30க்கும் 45க்கும் நடுவே உள்ள இடம் வயரில் வரும் திடீர்த் துள்ளலுக்காக விட்டுவைத்தது.

துள்ளல் எங்கிருந்து வருகிறது என்றால், பாதி உங்கள் கையிலிருந்துதான். நீளமான வயரை ஓடும் பேட்டரியில் சடக்கென்று மாட்டும்போது, போர்டில் செராமிக் கண்டன்சர் மட்டும் இருந்தால், வயரின் இண்டக்டன்ஸும் கண்டன்சரும் சேர்ந்து ஊஞ்சலாடி, பேட்டரி வோல்ட்டின் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரை போகும். 12க்கு 24 என்றால் பிழைத்தோம், 24க்கு 48 என்றால் சிப் போச்சு. இதற்கு மருந்து மலிவு: செராமிக்கோடு 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் ஒன்றைச் சேர்த்துப் போடுங்கள், அதன் உள் மின்தடை ஊஞ்சலை அடக்கிவிடும்.

அடுத்தது டிவிஎஸ் டயோடு, வோல்ட் திடீரென்று ஏறினால் அதைப் பிடித்து நிறுத்திச் சிப்பைக் காக்கும் பாகம். பரண் விளக்குக்கு எஸ்எம்பிஜே18ஏ போட்டால் 29.2 வோல்ட்டில் பிடித்துவிடும், 30க்குக் கீழேயே நின்றுவிட்டது என்று தோன்றும். ஆனால் அது 20 வோல்ட் வாக்கில் கடத்தத் தொடங்குகிற டயோடு. பேட்டரி கழன்று பேனல் வோல்ட் நேராக வரும் நாளில் அது பேனலின் கரண்டையெல்லாம் தன் தலையில் வாங்கிக் கருகும். எஸ்எம்பிஜே24ஏ போடுங்கள். 24 வோல்ட் வரை சும்மா இருக்கும், அடி விழுந்தால் 38.9 வோல்ட்டில் பிடிக்கும், 45க்குக் கீழே.

இதே கணக்கை 24 வோல்ட் லாரிக்குப் போட்டுப் பாருங்கள். 28.8 வரை டிவிஎஸ் சும்மா இருக்க வேண்டும் என்றால் எஸ்எம்பிஜே30ஏ வேண்டும், அது பிடிப்பது 48.4 வோல்ட்டில், அதற்குள் பி.டி.4115 போய்விட்டிருக்கும். அதாவது எந்த டிவிஎஸ் போட்டாலும் கணக்கு இடிக்கிறது. பாகத்தைத் தேடித் தேடி மாற்றுவதை விட்டுவிட்டுச் சிப்பையே மாற்ற வேண்டும். இசட்எக்ஸ்எல்டி1366 போன்ற 60 வோல்ட் சிப்பை எடுத்து, 53.3 வோல்ட்டில் பிடிக்கும் எஸ்எம்பிஜே33ஏ போட்டால் இரண்டு பக்கமும் இடம் இருக்கும். அப்போதும் 600 வாட் எஸ்எம்பிஜே வயர் துள்ளலுக்குத்தான் போதும், முழு லோட் டம்ப்பை விழுங்காது. வண்டிக்கென்றே வரும் பெரிய டிவிஎஸ், அதற்கு முன்னால் ஃபியூஸ், இரண்டும் வேண்டும்.

மூன்றாம் படி: வரிசையில் எத்தனை எல்இடி

இவையெல்லாம் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் பக் வகைச் சிப்புகள், கூட்டித் தராது. வெள்ளை எல்இடி ஒன்று 3.0 முதல் 3.4 வோல்ட் வரை எடுக்கும், 3.2 என்று வையுங்கள், மூன்று தொடரில் 9.6. சிப், காயில், ரெசிஸ்டர் எல்லாம் ஓட இதற்கு மேல் ஒரு வோல்ட்டிலிருந்து ஒன்றரை வோல்ட் வரை வேண்டும். பேட்டரி 10.8க்கு இறங்கும்போது மிச்சம் 1.2, மட்டுமட்டாக ஓடும். நாலாவது எல்இடியைச் சேர்த்தால் 12.8, பேட்டரியே அவ்வளவு இல்லை.

"விடியற்காலையில மட்டும் லைட்டு மங்குதுங்க, சிப்பு வீக்கா?" என்று கேட்பார்கள். சிப்பில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. பேட்டரி இறங்கியிருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் எல்இடி வோல்ட் கொஞ்சம் ஏறியும் இருக்கும், ஏனென்றால் சூடு குறைந்தால் ஒவ்வொரு எல்இடிக்கும் டிகிரிக்குச் சில மில்லிவோல்ட் கூடும். கடையில் கிடைக்கும் வட்டமான சின்ன மாட்யூலில் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் சேர்ந்தே இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த பிரிட்ஜ் ஒரு வோல்ட்டுக்கு மேல் தின்றுவிடும். பேட்டரியில் ஓட்டும்போது அது தேவையில்லை, 12 வோல்ட்டில் மூன்று எல்இடி போட்டால் நஷ்டம் முழுக்க அதனால்தான்.

வோல்ட் இறங்கினால் சிப் தானே அணைந்து பேட்டரியைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சிப்பின் சொந்தக் கட்-ஆஃப் 7 வோல்ட் வாக்கில் இருக்கிறது, அதற்குள் லெட்-ஆசிட் பேட்டரி பாழாகிவிடும். 11 வோல்ட்டில் லோடை வெட்டுகிற கன்ட்ரோலர் வேண்டும்.

24 வோல்ட்டுக்கு ஆறு எல்இடி தொடர் பொருத்தம்: 19.2 வோல்ட், பேட்டரி 21.6க்கு இறங்கினாலும் 2.4 மிச்சம்.

நான்காம் படி: கரண்ட்டைச் சூடுதான் முடிவு செய்யும்

1 வாட் எல்இடிக்கு 350 மில்லி ஆம்ப், 3 வாட் எல்இடிக்கு 700 என்று எழுதியிருப்பார்கள். சரி, கணக்கு போடுவோம். 300 மில்லி ஆம்ப்பில் ஒரு எல்இடி எடுப்பது 0.96 வாட், அதில் மூன்றில் இரண்டு பங்கு சூடாகப் போகும், மூன்றுக்கும் சேர்த்து 2 வாட் சூடு. வாட்டுக்கு 15 டிகிரி ஏறும் சுமாரான அலுமினியத் தகட்டில் 30 டிகிரி ஏறும், எல்இடிக்கு உள்ளே இன்னும் 6, 7 டிகிரி. வெளியே 40 டிகிரி என்றாலும் உள்ளே 77. எல்இடி நிம்மதியாக இருக்கும்.

அதே தகட்டில் 700 மில்லி ஆம்ப் விட்டால் எல்இடி வோல்ட் 3.4க்கு ஏறும், ஒவ்வொன்றும் 2.4 வாட், மொத்தச் சூடு கிட்டத்தட்ட 4.8 வாட், தகடு மட்டும் 72 டிகிரி ஏறும், உள்ளே 16 சேர்ந்தால் தர்மபுரியின் சித்திரை வெயிலில் 128 டிகிரி. எல்இடி உடனே செத்துவிடாது. மஞ்சளாகி, வெளிச்சம் குறைந்து, ஒரு சீசனில் பாதியாகிவிடும், அதுவரை யாருக்கும் தெரியவும் தெரியாது. டிரைவர் சிப் கரண்ட்டைத்தான் காக்கும், எல்இடியின் சூட்டைப் பற்றி அதற்கு எந்தக் கவலையும் கிடையாது.

பரண் விளக்குக்கு இன்னொரு எல்லையும் இருக்கிறது. 300 மில்லி ஆம்ப்பில் மூன்று எல்இடிக்கு 2.9 வாட், சிப்பின் நஷ்டம் சேர்த்து 3.3, அதாவது பேட்டரியிலிருந்து 0.275 ஆம்ப். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 3.3 ஏஎச், 7 ஏஎச் பேட்டரியில் பாதி கூட இல்லை. 700 வைத்தால் அதே நேரத்துக்கு 8 ஏஎச் வரை கேட்கும், விடிவதற்கு முன்னே இருட்டு. எனக்குக் கேட்டால் எழுதியிருக்கும் கரண்ட்டில் 80, 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

ஐந்தாம் படி: ரெசிஸ்டர்

பி.டி.4115 தன் சென்ஸ் ரெசிஸ்டரின் (கரண்ட்டை அளக்க வைத்த ரெசிஸ்டர்) குறுக்கே சராசரியாக 100 மில்லிவோல்ட் இருக்குமாறு ஓடும். எவ்வளவு கரண்ட் ஓடும் என்று தெரிய 0.1ஐ ரெசிஸ்டரின் ஓமால் வகுங்கள். 0.33 ஓம் போட்டால் 303 மில்லி ஆம்ப், 0.27க்கு 370, 0.15க்கு 667. 0.082 ஓமுக்குக் கீழே போகக் கூடாது, அதுதான் அந்த 1.2 ஆம்ப் எல்லை. 0.33 கிடைக்காவிட்டால் ஒரு சதவீத 1 ஓம் ரெசிஸ்டர் மூன்றை இணையாகப் போடுங்கள், 300 மில்லி ஆம்ப் கிடைக்கும்.

பெங்களூரு எஸ்பி ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ ரெடிமேட் மாட்யூல் வாங்கினால் கவரில் எழுதியிருப்பதை நம்பாமல் ரெசிஸ்டர் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஆர்330 என்றால் 0.33, ஆர்150 என்றால் 0.15 ஓம். இரண்டாவது வகை 1 வாட் எல்இடிக்கு இரண்டு மடங்கு கரண்ட் தள்ளும்.

சிப் மாற்றுகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். இசட்எக்ஸ்எல்டி1366க்கு சென்ஸ் வோல்ட் 200 மில்லி, 100 இல்லை. 0.33 ஓமை அப்படியே விட்டுவிட்டு சிப்பை மட்டும் மாற்றினால் 606 மில்லி ஆம்ப் ஓடும். வேறு எந்தச் சிப்பாக இருந்தாலும் முதலில் இந்த ஒரு எண்ணைத் தேடுங்கள்.

ரெசிஸ்டரிலிருந்து சிப்பின் காலுக்குப் போகும் பாதை குட்டையாக இருக்கட்டும். ஒரு ஆம்ப் விளக்கில் ரெசிஸ்டரே 0.1 ஓம்தான், அங்கே ஈயமும் செம்புக் கோடும் 10 மில்லி ஓம் சேர்த்தால் கரண்ட் பத்து சதவீதம் இறங்கிவிடும்.

ஆறாம் படி: காயிலும் டயோடும்

இந்தச் சிப் கரண்ட்டைச் சராசரிக்கு 15 சதவீதம் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஓடும். 303 மில்லி ஆம்ப் என்றால் உச்சம் 350, காயில் 0.5 ஆம்ப்புக்கு மேல் தாங்க வேண்டும். தாங்காத காயிலின் கோர் காந்தத்தால் நிறைந்துபோய், காயில் வெறும் கம்பியாகிவிடும், சிப்பின் உள் ஸ்விட்ச் அடி வாங்கும்.

மதிப்புக்கு வருவோம். 100 மைக்ரோஹென்றி காயிலோடு 12.6 வோல்ட்டில் மூன்று எல்இடி ஓட்டினால் ஸ்விட்ச்சிங் சுமார் 230 கிலோஹெர்ட்ஸ். அதே போர்டுக்கு 22 வோல்ட் வந்தால் 600 கிலோஹெர்ட்ஸ். வேகம் கூடக் கூட சிப் சூடாகும், அதோடு சிப் "போதும்" என்று சொல்லி ஸ்விட்ச்சை அணைப்பதற்குள் கரண்ட் கொஞ்சம் கூடுதலாக ஏறிவிடும், நீங்கள் வைத்த 300 மில்லி ஆம்ப் 330 ஆகும். 220 மைக்ரோஹென்றி போட்டால் இரண்டும் அடங்கும். வோல்ட் வித்தியாசம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய காயில்.

டயோடு ஷாட்கி (சட்டென்று மூடும் வகை) மட்டும்தான். 40 வோல்ட் எஸ்எஸ்24 பரண் விளக்குக்குப் போதும், 60 வோல்ட் சிப்புக்கு டயோடும் 60 வோல்ட்டுக்கு மேல் இருக்க வேண்டும். டப்பாவில் கிடக்கிறதே என்று 1என்4007ஐப் போடாதீர்கள், இந்த வேகத்துக்கு அது மூடுவதற்குள் அடுத்த சுற்று வந்துவிடும், சிப்பும் டயோடும் சேர்ந்து கொதிக்கும்.

ஏழாம் படி: வயரும் பாடியும்

எல்இடியின் மைனஸ் பேட்டரியின் மைனஸ் அல்ல. இந்த ஒரு விஷயத்தில் போன சிப்புகள் ஏராளம். இந்தச் சர்க்யூட்டில் பேட்டரி பிளஸ் ரெசிஸ்டர் வழியாக எல்இடி பிளஸுக்கு வரும், எல்இடி மைனஸ் காயிலுக்குப் போகும், காயில் சிப்புக்குப் போகும். லாரியில் பழக்கதோஷத்தில் எல்இடி மைனஸை பாடியில் கட்டினால் காயிலும் சிப்பும் விலகி, பேட்டரி நேராக எல்இடிக்குள் இறங்கும். எல்இடி பிளஸ் வயர் உராய்ந்து பாடியில் பட்டால் இன்னும் மோசம்: 0.33 ஓமில் 12 வோல்ட் என்றாலே 36 ஆம்ப், ரெசிஸ்டர் புகையாகிவிடும். அதனால் எல்இடிப் பக்கம் இரண்டு வயரும் தனித்தனியாக, உறை போட்டு வரட்டும், பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 1 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும்.

சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி விளக்கு போட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுகிறவர்கள் வரிசையாகப் பல விளக்குகளை ஒரே வயரில் இழுப்பார்கள். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 30 மீட்டர் போனால் போகவர ஒரு ஓம். ஒரு விளக்குக்கு 0.3 வோல்ட்தான் நஷ்டம், பத்து விளக்கும் அந்த முனையில் இருந்தால் 3 வோல்ட், கடைசியில் நிற்கும் விளக்கு மங்கிப்போகும். வோல்ட் குறைந்தால் டிரைவர் அதே வெளிச்சத்துக்காக இன்னும் கூடுதல் கரண்ட் இழுக்கும், அதனால் வயரில் நஷ்டம் இன்னும் கூடும். வயரைப் பெரிதாக்குவதைவிட 24 வோல்ட்டுக்கு மாறுவது லாபம்.

எட்டாம் படி: டிம் கால்

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க சிப்பில் இருக்கும் கால் இது. சும்மா விட்டால் முழு வெளிச்சம். 0.3 வோல்ட்டுக்குக் கீழே அணையும், 2.5க்கு மேல் முழுசாக எரியும், நடுவில் மங்கும். 12 வோல்ட்டை நேராக அதில் காட்டாதீர்கள், 5 வோல்ட்டோடு நிறுத்துங்கள்.

ஒன்பதாம் படி: மாட்டுவதற்கு முன் சோதனை

வோல்ட் ஏற்றி இறக்கும் பவர் சப்ளை இருந்தால் கரண்ட் எல்லையை அரை ஆம்ப்பில் வைத்து, 9 வோல்ட்டிலிருந்து 22 வரை மெதுவாக ஏற்றுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து சென்ஸ் ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் பிடியுங்கள். 11 வோல்ட் வாக்கிலிருந்து 100 மில்லிவோல்ட்டுக்கு ஐந்து கூடக் குறைய நிலையாக நிற்க வேண்டும். 18க்கு மேல் 110, 115 என்று ஏறினால் காயில் சின்னது. பவர் சப்ளை இல்லாவிட்டால் பேட்டரியோடு தொடரில் ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பை மாட்டி ஓட்டுங்கள், எங்கேயாவது ஷார்ட் இருந்தால் சிப்புக்குப் பதில் பல்பு பிரகாசிக்கும்.

எல்இடியைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் பேட்டரியை முதலில் எடுத்துவிடுங்கள். வெளிச்சம் ஆடாமல் இருக்கட்டும் என்று எல்இடி குறுக்கே கண்டன்சர் போட்டவர்களுக்கு இது கட்டாயம். எல்இடி இல்லாதபோது அந்தக் கண்டன்சர் பேட்டரி வோல்ட் வரை ஏறி உட்கார்ந்திருக்கும், எல்இடியை மாட்டிய நொடியில் மொத்தத்தையும் அதில் கொட்டும்.

கடைசியாகச் சூடு. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்து "கை வைக்க முடிகிறது" என்று சொல்வதில் பிரயோஜனமில்லை. பெட்டியை மூடி, திருகெல்லாம் முடுக்கி, அரை மணி நேரம் ஓடவிட்டு, எல்இடியின் ஈயம் வைத்த இடத்தில் மீட்டரின் டெம்பரேச்சர் வயரை ஒட்டி அளவெடுங்கள். பகலிலும் எரிய வேண்டிய விளக்கு என்றால் இதை மத்தியானம் செய்யுங்கள். 70 டிகிரிக்குக் கீழே நின்றால் கொண்டுபோய் மாட்டலாம். அதைத் தாண்டினால் தகட்டைப் பெரிதாக்குங்கள், தகடு கிடைக்காவிட்டால் 0.33 ஓமை எடுத்துவிட்டு 0.39 போடுங்கள், 256 மில்லி ஆம்ப்பில் ஓடட்டும்.